வெற்றி விழா மேடைக்கு வராதவர்கள்: தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் தென்மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் திரையரங்கு மேலாளராகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். படம் எடுத்தவனும் இல்லை, நடித்தவனும் இல்லை. நீங்கள் எடுத்த படங்கள் பெட்டிகளில் வந்த காலத்திலும், பிறகு ஹார்டு டிஸ்க்கில் வந்த காலத்திலும், அவற்றை ஓட்டிக் காட்டி, அன்றன்றைய வசூல் கணக்கை எழுதி விநியோகஸ்தர் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தவன். ஒரு படம் தேறுமா தேறாதா என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே இருவருக்குத் தெரிந்துவிடும். ஒருவர் டிக்கெட் கொடுப்பவர், மற்றவர் கேன்டீன்காரர். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு படம் வென்றால் அதில் நடித்தவர்களின் வாழ்க்கை மாறிவிடுகிறது என்கிறோம். மாறத்தான் செய்கிறது. ஆனால் யாருக்கு மாறுகிறது, எத்தனை நாளைக்கு மாறுகிறது? அதை ரசிகர்கள்தான் தீர்மானிக்கிறார்கள் என்று நீங்கள் மேடைதோறும் சொல்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ரசிகன் கைதட்டுகிறான், அவ்வளவுதான். அட்வான்ஸ் கொடுப்பது நீங்கள். யாருக்குக் கைதட்டல் விழுந்தது, யாருக்கு அட்வான்ஸ் போனது என்ற இரண்டு கணக்கையும் அருகில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

1999 டிசம்பரில் 'சேது' வந்தது. வாங்க ஆளில்லாமல் கிடந்த படம். வெளியான புதிதில் பகல் காட்சிக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. வாய்வழிப் பேச்சில்தான் அது எழுந்தது. விக்ரம் அதற்கு முன் சினிமாவில் ஏறக்குறைய பத்து ஆண்டுகளைக் கழித்திருந்தார். 1990-லேயே நாயகனாக அறிமுகமாகிவிட்டவர். 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும், 'காதல் தேசம்' படத்தில் அப்பாஸுக்கும் குரல் கொடுத்தவர் அவர்தான். எங்கள் அரங்கில் அந்தக் குரலை ஆயிரக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள், முகம்தான் யார் மனத்திலும் பதியவில்லை. 'சேது'வுக்குப் பிறகு 'தில்', 'ஜெமினி', 'தூள்', 'சாமி' என்று வரிசையாக வந்தன. 2003-இல் வந்த 'பிதாமகன்' தேசிய விருதும் வாங்கிக் கொடுத்தது. ஒரே ஒரு படம் ஒரு மனிதனை எங்கிருந்து எங்கே கொண்டுபோகும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் அது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அதே படத்தில் கோயில் குருக்கள் வீட்டுப் பெண்ணாக நடித்தவர் அபிதா. இரண்டாம் பாதியில் அரங்கமே அழுததென்றால், அந்தக் கண்ணீரில் பாதி அந்தப் பெண்ணுக்காகச் சிந்தப்பட்டது. இடைவேளையில் வெளியே வந்த பெண்கள் பேசிக்கொண்டதும் அவரைப் பற்றித்தான். ஆனால் சினிமாவில் அவருக்கு அதற்கு ஈடான இடம் அமையவில்லை. பிறகு 2007-இல் சன் தொலைக்காட்சியில் 'திருமதி செல்வம்' தொடர் தொடங்கிய பிறகுதான் அவர் மீண்டும் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார். பல ஆண்டுகள் ஓடிய தொடர் அது. அவரை மக்கள் மறக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? சின்னத்திரைக்குத் தெரிந்த கணக்கு பெரிய திரைக்கு ஏன் தெரியாமல் போனது?

திறமையின் ஏற்ற இறக்கம் என்று இதற்கு நீங்கள் பதில் சொல்லக்கூடும். சரி, இன்னொரு படத்தைப் பார்ப்போம். 2007 பிப்ரவரியில் 'பருத்திவீரன்' வந்தது. கார்த்திக்கு அது முதல் படம். முத்தழகாக நடித்த பிரியாமணிக்கு அந்தப் படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. சித்தப்பாவாக வந்த சரவணன் தொண்ணூறுகளில் நாயகனாக இருந்து ஒதுங்கியவர். அவருக்கு இந்தப் படம் இரண்டாவது வாழ்வு கொடுத்தது. இதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் கார்த்தியின் அடுத்த படம் எப்போது வந்தது தெரியுமா? 2010 பொங்கலுக்கு, 'ஆயிரத்தில் ஒருவன்'. நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் முகம் திரையில் இல்லை. இருந்தும் 'பருத்திவீரன்' கொடுத்த மதிப்பு ஒரு பைசா குறையவில்லை. ரசிகர்கள் காத்திருந்தார்கள், விநியோகஸ்தர்கள் காத்திருந்தார்கள், நாங்களும் காத்திருந்தோம். தேசிய விருது வாங்கிய நடிகைக்கோ தமிழில் முத்தழகுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய இன்னொரு வேடம் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. அவர் தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று போனார். பின்னாளில் ஓடிடி தொடர் ஒன்றின் மூலம் இந்தியா முழுவதும் அறியப்பட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். வெற்றிக்கு ஆயுள் உண்டு. நாயகனுக்கு அந்த ஆயுள் ஆண்டுக் கணக்கில், மற்றவர்களுக்கு வாரக் கணக்கில். இந்தக் கணக்கைப் போடுவது விதியோ ரசிகனோ அல்ல. படம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களில் உங்கள் அலுவலகங்களில் நடக்கும் பேச்சு.

சூரியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் அரங்கில் என் கண்முன் நடந்தது. 2009 ஜனவரியில் 'வெண்ணிலா கபடிக்குழு' வந்தபோது முதல் இரண்டு நாள் கூட்டம் சுமார்தான். நாயகன் புதுமுகம், இயக்குநர் சுசீந்திரனுக்கும் அது முதல் படம். மூன்றாம் நாள் மாலை டிக்கெட் கவுன்டரில் ஒருவர் வந்து, "பரோட்டா படம் இங்கேதானே ஓடுகிறது?" என்று கேட்டார். அப்புறம் அதையே பலர் கேட்டார்கள். படத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டவர்கள் குறைந்துபோனார்கள். பரோட்டாப் போட்டியில் எண்ணிக்கைத் தகராறு வந்ததும், கோட்டையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து சாப்பிடத் தயாராகும் அந்தக் காட்சி வருகிற நேரம் எங்கள் கேன்டீன் பையனுக்கு மனப்பாடம். வடைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றுவிடுவான். நானும் அவனைத் திட்டவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் உள்ளே ஒரு வேலை இருந்தது. அந்த வாரம் பஸ் நிலையத்துக்கு எதிரே நாங்கள் வைத்த தட்டியில் பரோட்டாக் காமெடியைத் தனியாக எழுதிச் சேர்த்தோம். நடித்தவர் பெயரை எழுதலாமென்றால், அந்த நடிகரின் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுவரொட்டியில் தேடினோம், கிடைக்கவில்லை.

அந்த ஒரு காட்சியைக் கொண்டு அவர் எழுந்தார். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் கூட்டத்தில் ஒருவராக, இரண்டொரு வசனம் பேசுபவராக நின்றவர், பிறகு முன்னணி நகைச்சுவை நடிகரானார். ஆனால் நகைச்சுவைக்கு வெளியே அவரை யோசிக்க எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள். வெற்றிமாறன் அவரைக் 'விடுதலை'யில் கதைநாயகனாக்கியது 2023-இல். நடுவில் பதினான்கு ஆண்டுகள். அவருக்குள் அந்த நடிகர் 2023-இல் திடீரென்று வந்து குடியேறவில்லை. அவர் அங்கேயேதான் இருந்தார், நாம்தான் பரோட்டாவையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதே கபடிக் குழுவில் இன்னொருவரும் இருந்தார், அப்புக்குட்டி. 2011-இல் அதே சுசீந்திரன் அவரை வைத்து 'அழகர்சாமியின் குதிரை' எடுத்தார். தலைப்பில் இருக்கும் அழகர்சாமி அவர்தான், படத்தைத் தோளில் சுமந்ததும் அவர்தான். தேசிய விருதும் வந்தது, ஆனால் சிறந்த துணை நடிகருக்கான விருது. விருதுக் குழுவின் வழக்கங்கள் எனக்குப் புரிவதில்லை, விட்டுவிடுகிறேன். அந்த விருதுக்குப் பிறகு அவரை மையமாக வைத்துப் பேசும்படியான படங்கள் எத்தனை வந்தன என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

2010-இல் வந்த 'அங்காடித் தெரு'வில் அஞ்சலி உயர்ந்தார், அவரோடு சரிபாதிப் படத்தைத் தாங்கிய மகேஷை அந்த உயரத்தில் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. அதே 2010 தீபாவளிக்கு வந்த 'மைனா'வில் அமலா பாலுக்குக் கதவுகள் உடனே திறந்தன. தம்பி ராமையாவுக்குத் தேசிய விருதும் வரிசையாக வேடங்களும் வந்தன. நாயகன் விதார்த் நிதானமாகத்தான் நடந்து வர வேண்டியிருந்தது. ஆகவே நாயகனுக்கு எப்போதும் லாபம், மற்றவர்களுக்கு எப்போதும் நட்டம் என்று நான் சொல்லவில்லை. சில சமயம் மாறியும் விழுகிறது. விழுகிறபடி விழட்டும் என்று நீங்கள் விட்டுவிடுவதைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

தமிழ் சினிமாவில் ஒரு பழைய பழக்கம் உண்டு, வென்ற படத்தையே நடிகருக்கு முன்பெயராக மாட்டிவிடுவது. 1965-இல் வந்த 'வெண்ணிற ஆடை' மூர்த்திக்கும் நிர்மலாவுக்கும் ஆயுள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அதே படத்தில் தமிழில் நாயகியாக அறிமுகமான ஜெயலலிதாவுக்கு அந்த ஒட்டு தேவைப்படவில்லை. 'பசி' சத்யா, 'தலைவாசல்' விஜய், 'ஆடுகளம்' நரேன், 'அட்டகத்தி' தினேஷ் என்று பட்டியல் நீளும். வேடிக்கை என்னவென்றால், 1980-இல் வந்த 'நிழல்கள்' வசூலில் தோற்ற படம். படம் ஓடாவிட்டாலும் ரவிக்கு அது தந்த பெயர் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு ரவி, 2003-இல் 'ஜெயம்' கொடுத்த பெயரை இருபது ஆண்டுகளுக்கு மேல் சுமந்துவிட்டு, 2025 தொடக்கத்தில் இனிமேல் தன்னை ரவி மோகன் என்று அழைக்கும்படி கேட்டுக்கொண்டார். நட்சத்திரமாக இருப்பவருக்கு அந்தச் சட்டையைக் கழற்ற முடிகிறது. துணை நடிகர் கழற்றினால் அவரை அடையாளம் காண உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா?

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற மனிதருக்கு வருகிறேன்.

2018 செப்டம்பரில் 'பரியேறும் பெருமாள்' வந்தது. எங்கள் பக்கத்துக் கதை, எங்கள் பக்கத்துப் பேச்சு. கதிருக்கும் ஆனந்திக்கும் அது பெரிய பெயர் கொடுத்தது. இயக்குநர் மாரி செல்வராஜ் முதல் படத்திலேயே நிமிர்ந்து நின்றார். அதில் பரியனின் தந்தையாக வந்தவர் நெல்லை தங்கராசு. சினிமா நடிகரல்ல. காலமெல்லாம் பெண் வேடம் கட்டி ஆடிய நாட்டுப்புறக் கூத்துக் கலைஞர். படத்திலும் அவருக்கு அதே வேடம்தான். சட்டக் கல்லூரிக்கு மகனுக்காக வரும் அந்தத் தந்தையை மாணவர்கள் சிலர் வேட்டியை உருவி அவமானப்படுத்தி ஓட விடும் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் அரங்கில் அந்தக் காட்சியின்போது நடைபாதையில் டார்ச் விளக்கோடு நின்ற ஊழியர், விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தினமும் நான்கு காட்சிகள் பார்த்துப் பழகிப்போன மனிதர். அவரை அப்படித் திரும்ப வைக்க வேறு எந்த நடிகராலும் முடிந்து நான் கண்டதில்லை.

அந்தப் படம் பேசப்பட்டது, விருதுகள் வாங்கியது, கருத்தரங்குகள் நடந்தன. தங்கராசு என்னவானார்? சில ஆண்டுகள் கழித்து, அவர் இடிந்த நிலையிலிருந்த வீட்டில் வாழ்கிறார் என்று செய்தி வந்தது. அதைப் பார்த்து எழுத்தாளர்களும் கலைஞர்களும் முன்வந்தார்கள், மாவட்ட நிர்வாகமும் கைகொடுத்தது, புது வீடு எழுந்தது. 2023 பிப்ரவரியில் அவர் காலமானார். இதில் குறிப்பிட்ட எந்தத் தயாரிப்பாளரையும் இயக்குநரையும் நான் குற்றம் சொல்லவில்லை. அவரைக் கண்டெடுத்துத் திரைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. என் கேள்வி ஒட்டுமொத்தத் தொழிலுக்கும் உரியது. ஒரு வெற்றிப் படத்தின் ஆகச் சிறந்த காட்சியைத் தந்த கலைஞருக்கு வீடு கட்ட, அந்தத் தொழிலுக்கு வெளியே இருந்தவர்கள் ஏன் வர வேண்டியிருந்தது? அந்தப் படம் தொலைக்காட்சியிலும் ஓடிடியிலும் திரும்பத் திரும்ப ஓடும்போது, அந்த முகம் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது. கூலி மட்டும் ஒரே ஒரு முறைதான்.

இங்கேதான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். 'கில்லி' 2004-இல் வந்த படம். 2024 ஏப்ரலில் அது மறுபடி திரைக்கு வந்தபோது அரங்குகள் நிறைந்ததை நீங்கள் அறிவீர்கள். பழைய படங்களை மறுவெளியீடு செய்வது இப்போது தனி வியாபாரமாகவே ஆகிவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் ஒரு படம் கலெக்‌ஷன் கொடுக்கிறதென்றால், அதில் அரை நிமிடம் வந்து சிரிக்க வைத்தவருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கத்தானே வேண்டும்? நம் வழக்கத்தில் துணை நடிகருக்கு நாள் சம்பளம், பேட்டா, அதோடு கணக்கு முடிந்தது. சாட்டிலைட் உரிமை, டப்பிங் உரிமை, ரீமேக் உரிமை, ஓடிடி என்று அந்தப் படம் எத்தனை முறை விலைபோனாலும் அவருக்குத் தகவல்கூடப் போவதில்லை.

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகையை உறுதி செய்தது. அதே திருத்தம் 38ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. நிகழ்த்துகலைஞர், அதாவது நடிகர், பாடகர் போன்றவர், தன் நடிப்பைப் படத்தில் சேர்க்க எழுத்து மூலம் சம்மதித்துவிட்டால், வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளர் அதைப் பயன்படுத்துவதை அவர் தடுக்க முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் அந்த நிகழ்த்துகலை வணிகப் பயன்பாட்டுக்கு வரும்போது கலைஞருக்கு உரிமைத்தொகை உண்டு என்றும் அதே பிரிவு சொல்கிறது. பாடகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு சங்கம் அமைத்து வசூலிக்கத் தொடங்கிவிட்டார்கள். நடிகர்கள் விஷயத்தில் அது ஏட்டில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவுக்கு வழக்கறிஞர்கள் எத்தனை விதமாகப் பொருள் சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும், நான் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அதே சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. திரைப்படத்தில் போகிறபோக்கில் வந்துபோகிற ஒருவரை, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில்கூடக் குறிப்பிடுவதில்லையென்றால், அவரை நிகழ்த்துகலைஞராகவே கருத வேண்டியதில்லை என்பது அந்த வரி. தன் நடிப்பைச் சிதைத்துக் காட்டக் கூடாது என்று கேட்கும் உரிமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சும். ஆகவே டைட்டில் கார்டில் ஒரு பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் நீங்கள் நினைப்பதுபோல் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. சின்ன வேடக்காரர் ஒருவர் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவாரா மாட்டாரா என்பதே அதில் அடங்கியிருக்கிறது. எங்கள் தட்டியில் எழுத ஒரு பெயர் கிடைக்காமல் நாங்கள் தேடினோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். படம் ஓடாவிட்டால் இவர்கள் வாங்கிய சம்பளத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டை அடமானம் வைத்துப் படமெடுத்து, வெளியீட்டுக்கு முந்தைய இரவு பைனான்சியர் கதவில் நின்ற தயாரிப்பாளர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலைக் காட்சி ரத்தாகி, கூட்டத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அனுபவமும் எனக்கு உண்டு. ஆகவே உங்கள் முதலைத் தொடச் சொல்லவில்லை. போட்ட முதலும் வட்டியும் திரும்பிய பிறகு வருவதைப் பற்றித்தான் பேசுகிறேன். பெரிய நாயகர்கள் சம்பளத்துக்குப் பதிலாக லாபத்தில் பங்கோ ஒரு வட்டாரத்தின் விநியோக உரிமையோ வாங்கிக்கொள்வதை நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆக, லாபத்தைக் கணக்கிடும் வழி உங்களிடம் இருக்கிறது. அதே ஒப்பந்தத்தில் கீழே இன்னொரு பத்தி சேர்த்தால் போதும்: படம் முதலை மீட்டபின் வரும் வருவாயில் ஒரு சிறு விழுக்காடு, நாள் சம்பளத்துக்கு நடித்தவர்கள் எல்லாருக்கும் பொதுவான தொகையாக ஒதுக்கப்படும் என்று. விழுக்காடு எவ்வளவு என்பதை நீங்களும் தென்னிந்திய நடிகர் சங்கமும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இது நடக்காத காரியமும் அல்ல. ஹாலிவுட்டில் 1960-இல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்து, படங்கள் தொலைக்காட்சிக்குப் போகும்போது தங்களுக்கும் தொகை வரவேண்டும் என்பதை வென்றெடுத்தார்கள். அன்றைக்கு அவர்கள் சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர், அதுவும் தொழிற்சங்கங்களுக்கு வேண்டாதவர் என்று பெயரெடுத்தவர்! 2023-இல் ஓடிடி வருவாயில் நியாயமான பங்கு கேட்டு அவர்கள் ஜூலை முதல் நவம்பர் வரை மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இங்கே அப்படியொரு நிலை வரவேண்டாம் என்பதுதான் என் விருப்பம். படம் வராத மாதங்களில் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அரங்கு ஊழியர்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'காக்கா முட்டை' 2015 ஜூனில் திரைக்கு வந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாக நடிப்பதென்றால் இளம் நடிகைகள் தயங்குவார்கள். ஐஸ்வர்யா ராஜேஷ் துணிந்து நடித்தார், அவர் பாதையே மாறியது, பிறகு 'கனா' போன்ற படங்களைத் தனியே தாங்கினார். படத்தின் உயிராக இருந்த விக்னேஷும் ரமேஷும் சிறந்த குழந்தை நட்சத்திரங்களுக்கான தேசிய விருதைப் பெற்றார்கள். பெரியவருக்கு அந்த வெற்றி தொழிலானது, சிறுவர்களுக்கு அது பெரும்பாலும் புகைப்படமாகத் தங்கிவிட்டது. எல்லாக் குழந்தைகளும் நடிகர்களாகத்தான் வளர வேண்டும் என்பதில்லை, படிக்கட்டும், வேறு வேலைக்குப் போகட்டும். ஆனால் 2017-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் விதிகள், நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டை அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புநிதியாகப் போட வேண்டும் என்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. எந்தெந்தப் படத்தில் இது நடந்தது என்பதை உங்கள் சங்கம் ஆண்டுக்கொருமுறை கேட்டு வாங்கிப் பதிவு செய்தால் என்ன?

'காக்கா முட்டை'யின் இயக்குநர் மணிகண்டன் எடுத்த 'கடைசி விவசாயி'யின் நல்லாண்டி ஐயாவை நினைத்துக்கொள்கிறேன். படம் 2022-இல் வெளியாகும் முன்பே அவர் போய்விட்டார், தேசிய விருதின் சிறப்புக் குறிப்பும் அவர் இல்லாதபோதுதான் வந்தது. அவர் விஷயத்தில் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. உயிரோடிருப்பவர்கள் விஷயத்தில் முடியும்.

பணத்தைவிட உங்களுக்குச் செலவில்லாத ஒன்றையும் கேட்கிறேன். ஒரு படம் வென்ற வாரத்தில் நீங்கள் எல்லாரும் ஒரே நடிகரின் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறீர்கள். அவர் சம்பளத்தை நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள், இரண்டு படம் கழித்துக் கட்டுப்படியாகவில்லை என்று நீங்களே பேட்டி கொடுக்கிறீர்கள். அந்த வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒருமுறை அதே படத்தை எங்களைப்போன்ற ஊர் அரங்கில் வந்து, பால்கனியில் அல்ல, கீழே உட்கார்ந்து பாருங்கள். எந்தக் காட்சியில் ஆரவாரம் எழுகிறது, யார் வந்ததும் போன் பார்க்கிறவர்கள் தலை நிமிர்கிறார்கள் என்று கவனியுங்கள். விஜய் சேதுபதியை அப்படித்தான் நாங்கள் கண்டோம். 2012 செப்டம்பரில் 'சுந்தரபாண்டிய'னில் அவர் வில்லன். அதே ஆண்டு இறுதிக்குள் 'பீட்சா'வும் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோ'மும் வந்து அவரை நாயகனாக நிறுத்திவிட்டன. அதற்கு முன் அவர் எத்தனை படங்களில் ஓரத்தில் நின்றார் என்பது உங்களுக்கே தெரியும். நடிகர் மணிகண்டனை ரசிகர்கள் ஓடிடியில் அப்படிக் கண்டார்கள். 'ஜெய் பீம்' படத்தில் ராசாக்கண்ணுவாக அவர் நின்றபோது, அவர் யாரென்று தேடியவர்கள்தான் பின்னால் 'குட் நைட்'டுக்கு டிக்கெட் வாங்கினார்கள்.

பெண் நடிகர்கள் விஷயத்தில் இன்னும் ஒரு பங்கு கூடுதலாகப் பாருங்கள். 2015-இல் வந்த மலையாளப் படம் 'பிரேமம்' சென்னையில் மாதக்கணக்கில் ஓடியது. அதில் வந்த மூன்று நாயகிகளுக்கும் தமிழிலும் தெலுங்கிலும் வாய்ப்புகள் வந்தன. அவர்களில் சாய் பல்லவி நம் கோத்தகிரிப் பெண். நம் வீட்டுப் பெண்ணை அடையாளம் காட்டக் கேரளத்திலிருந்து ஒரு படம் வர வேண்டியிருந்தது என்பதை யோசித்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

அடுத்த பொதுக்குழுவில் மூன்று காரியங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகிறேன். வசனம் பேசிய ஒவ்வொருவர் பெயரும், அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரோடு, படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ படிக்கக்கூடிய வேகத்தில் வரவேண்டும், ஓடிடிக்குக் கொடுக்கும் பட்டியலிலும் அது இருக்க வேண்டும். போட்ட முதல் மீண்டபின் ஒதுக்கும் பங்குக்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரிக்க வேண்டும். மறுவெளியீட்டுக்குப் படத்தைப் பதிவு செய்யும்போதே, அதில் நடித்தவர்களில் நலிவுற்றோர் யாரேனும் உள்ளனரா என்று நடிகர் சங்கத்தைக் கேட்டு, முதல் வார வசூலில் அவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும். மூன்றாவதற்கு அரங்கு உரிமையாளர்களும் தங்கள் ஷேரிலிருந்து கொடுக்க இசைவார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும், கேன்டீன் வருமானத்தில் கை வைக்காமல் இருந்தால் சரி என்றார்.

இம்மடலின் நகலைத் தென்னிந்திய நடிகர் சங்கத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். பெயர்ப் பட்டியல் தொடர்பாகக் கணக்கெடுப்பு ஏதும் செய்வதாக இருந்தால், எங்கள் அரங்கில் ஓடிய படங்களின் பழைய விளம்பரத் தாள்களும் வசூல் குறிப்பேடுகளும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
திரையரங்கு மேலாளர் (ஓய்வு),
திருநெல்வேலிப் பக்கம்.